சத்தமில்லாத மோட்டார்

அத்தியாயம் 14

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவன் மனைவி, பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவன் அக்கா, தொட்டிக்குள் இரண்டு பெரிய ஆஸ்கர் மீன்கள், அடியில் சரளைக் கல்லைக் கிளறிக்கொண்டு சில குட்டி மீன்கள், தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் செத்துப்போன ஒரு தண்ணீர் மோட்டார்.

மோட்டாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்தது அது ஒன்றுதான்.

அது நின்றுபோனதைக் கண்டுபிடித்தவன் மெக்கானிக். வழக்கமாக மனைவி எழுவதற்கு முன்பே எழுந்து மீனுக்குத் தீனி போடுவான். அன்றைக்குத் தீனி டப்பாவைத் தொடவே இல்லை. படுக்கையறை வாசலில் வந்து நின்று, "மோட்டார் போயிடுச்சு" என்றான். யாரோ போய்விட்டதைச் சொல்கிற குரல். அவள் தலைமுடியை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் கூடத்துக்கு ஓடினாள். பார்த்தாள். உடனே அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். போட்ட தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டாள்.

ஒரு மோட்டாருக்கு எதற்கு இத்தனை ஓட்டம் என்று, இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

போன வருடக் கடைசியில், ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை, மெக்கானிக் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போனது. கைப்பேசி கை நழுவிக் குழிக்குள் விழுந்தது. கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அன்றிரவு முழுக்க அந்த இருட்டுக் குழிக்குள் கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தான். கம்பெனி அவன் வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்தது. வீடு அவன் இரண்டாவது ஷிப்ட் பார்ப்பதாக நினைத்தது. யாரும் தேடவில்லை. காலையில் காவலாளிக்குச் சத்தம் கேட்டுத் திறந்துவிட்டபோது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. சொந்தக் காலில் நடந்து வீட்டுக்கு வந்தான். அதோடு சரி. பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை.

மூடிய இடத்தைக் கண்டால் பயப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனுக்கு மூடிய இடம் ஒன்றும் செய்யவில்லை. வெளியே போவதுதான் ஆகவில்லை. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான்.

அப்போதுதான் அக்கா அந்தத் தொட்டியைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்துக்கு வெள்ளையடிக்கும்போது, வேண்டாம் என்று ஒதுக்கிய தொட்டி. வார்டு ஆட்கள் நாலு பேர் மூச்சு வாங்க மாடியேற்றினார்கள். ஓர் ஆள் நீளம். மனைவி அன்று போட்ட சண்டையை இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கிற ஒருத்தரைப் பார்த்துக்கொள்ளவே நேரமில்லை, இதில் மீனையும் வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். அக்கா தொட்டியில் தண்ணீரை ஊற்றினாள்.

தொட்டி ஒழுகியது. ஒழுகும் சத்தம் கேட்டு மெக்கானிக் சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பினான். ஒழுகுவதை அடைத்தான். பிறகு குழாயை மாற்றினான். பிறகு காலையில் எழத் தொடங்கினான். ஆஸ்கர்களில் பெரியது எந்த வேலையும் செய்யாமல் கண்ணாடியோடு ஒட்டி நின்று எல்லோரையும் முறைத்ததால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தான். அந்தப் பெயரைச் சொல்லி அவன் சிரித்த நாளில் மனைவி சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஆகவே விஷயம் இதுதான். மீன் செத்தால் அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரியும்.

மெக்கானிக் தரையில் செய்தித்தாளை விரித்து மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். உள்ளே சுற்றும் சக்கரத்தைத் தாங்குகிற வெள்ளைக் கம்பி, சாக்பீஸ் உடைந்த மாதிரி இரண்டாகக் கிடந்தது. மோட்டார் மேல் ஒட்டியிருந்த தாள் எப்போதோ கரைந்துபோயிருந்தது. அது எந்தக் கம்பெனி, எவ்வளவு தண்ணீர் தள்ளும், எதுவும் தெரியாது.

அக்கா அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் அசையாவிட்டால் மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள். காற்றுக் குமிழி விடும் சின்ன இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினான்.

"சாயங்காலம் வரைக்கும் ஓட்டிடலாம். அதுக்கு மேல மேனேஜர் நிரந்தரமா லீவு போட்டுடுவாரு."

சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. மேனேஜர் ஏற்கெனவே மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கடை திறக்கும் நேரத்துக்கு இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். மனைவிக்கு அன்று வார விடுமுறை. அக்காவுக்கு மதியம்தான் டியூட்டி. மெக்கானிக் வாசல்வரை வந்தான். வழக்கம்போல நிலைச்சட்டத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டான். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டு வாங்குங்கள் என்று சொன்னான். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்கள்.

படியிலேயே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். உயரத்தைப் பற்றி இல்லை, சத்தத்தைப் பற்றி.

பழைய மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் ஏறும்போது வரும் அதே உறுமல், கொஞ்சம் சன்னமாக. மீனைப் பார்க்கும் ஆசையில் அவன் அதைப் பொறுத்துக்கொள்கிறான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அது தவிர அந்த வீட்டில் எட்டு மாதமாகச் சத்தம் என்பதே கிடையாது. மனைவி மிக்ஸியைக் குளியலறைக்குள் எடுத்துப் போய், கதவைச் சாத்தி, மேலே துண்டைப் போர்த்தி அரைப்பாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். மேல்வீட்டில் சுவரில் துளை போட வந்தவனைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அக்கா செருப்பைக் கீழ்த்தளத்திலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

இப்போது தானாக ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. இருப்பதிலேயே சத்தமில்லாத மோட்டாரை வாங்கிவிட வேண்டும்.

மீன்கடை நீளமாக, இருட்டாக, ஈரமாக இருந்தது. இரண்டு பக்கமும் தொட்டிகள். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டிய மனிதர், முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும், கேட்காமலே ஒரு ஸ்டூலை எடுத்துத் துடைத்துப் போட்டார். மனைவிக்கு ஸ்டூல் வரவில்லை. அவள் நின்றுகொண்டாள்.

தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் என்றால் உயரம் எவ்வளவு, குழாய் எத்தனை இஞ்ச், எத்தனை முழங்கை வளைவு என்று அவர் வரிசையாகக் கேட்டார். அக்கா தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு இருக்கும். அதெல்லாம் விடுங்க. சத்தம் வரக்கூடாது."

பிறகு நடந்ததை மனைவி வீட்டுக்கு வந்து சொன்னபோது மெக்கானிக் முதலில் நம்பவில்லை. கடைக்காரர் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தார். ஒவ்வொரு மோட்டாராக அதில் அமிழ்த்தி ஓடவிட்டார். அக்கா ஸ்டூலிலிருந்து குனிந்து வாளியின் வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறக்காத குழந்தையின் இதயத்துடிப்பைத் தினமும் கேட்கிற காது. முதல் மோட்டாருக்குத் தலையசைத்து வேண்டாம் என்றாள். இரண்டாவது கரகரப்பு. மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்துத் தள்ளினாள். கடைக்காரர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்கு முந்தைய வாடிக்கையாளரை, தொட்டிக் கண்ணாடியைத் தட்டினான் என்பதற்காக, வெளியே போகச் சொன்ன மனிதர் அவர்.

கடைசியாக வந்தது உள்ளங்கையளவு மோட்டார். அக்கா நெடுநேரம் காதை எடுக்கவில்லை.

"இது ஓடுதா?"

"ஓடுதுங்க."

"இதையே குடுங்க."

அவர் தயங்கினார். வேலைக்கு ஆகாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சாயங்காலம் கடை அடைக்கும்வரை இருப்பேன், நாளைக்கு விடுமுறை என்றார். அதை அக்காவிடம் சொல்லாமல் மனைவியிடம் சொன்னார். அக்காவிடம், காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் மனைவியின் கண் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனது. மீன் தீனி டப்பாக்களுக்கு நடுவே, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த ஒரு டிபன் பாக்ஸ். நீல மூடி. மூடியின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தவள் அவள்தான். போன மாதம் அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பிய டப்பா அது.

கல்யாணமே வேண்டாம் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டவளிடம் ஒரு டப்பாவைப் பற்றி எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் மோட்டாரைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஏந்தினான். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டு, அடித்தொட்டியில் அதை இறக்கிக் குழாயில் மாட்டினான். அந்த ஏற்பாடு எளிமையானதுதான். மேல்தொட்டியின் மூலையில் சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு தடுப்பு. அதன் வழியாக அழுக்குத் தண்ணீர் வழிந்து அடித்தொட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் சல்லடையிலும் சுத்தமாகும். மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

சுவிட்சைப் போட்டான். சத்தமே இல்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர் குழாயில் ஏறியது. வளைவு வரைக்கும் வந்து யோசித்தது. பிறகு தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.

அக்கா குனிந்து பார்த்தாள். "என்னடா இது, நீர்க்கடுப்பு வந்தவன் மாதிரி."

மெக்கானிக் சிரித்தான். சின்னச் சிரிப்பில்லை. தரையில் உட்கார்ந்து, முதுகை அலமாரிக் கதவில் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாளிக்குள் எவ்வளவு அழகாக ஓடியது என்று ஆரம்பித்தாள்.

"வாளிக்குள்ள எதுவும் ஓடும்க்கா. அங்க எதைத் தூக்குது? சுமை தூக்காத மோட்டார் எதுக்குச் சத்தம் போடப்போகுது?"

"இத்தனை வருஷமா இந்தக் காதை வச்சுத்தான்டா பொழைக்கிறேன்."

"ஆஸ்பத்திரியில சரி. இது நாலடி மேல தண்ணி ஏத்தணும்."

சின்னதாக இருந்தால் ஏறாது, ரொம்பப் பெரியதாக இருந்தால் அந்தச் சீப்பு விழுங்காது, கூடம் முழுக்கத் தண்ணீராகிவிடும் என்று விளக்கினான். பெட்டியில் போட்டிருக்கும் எண் தரைமட்டத்தில் தள்ளும் அளவு. உயரம் ஏற ஏற அது குறையும். லிஃப்டிலும் அப்படித்தான், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை மாடி என்றும் கேட்க வேண்டும். எட்டு மாதத்தில் அவன் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. மனைவி காதில் விழுந்ததெல்லாம் அதுதான். எண்கள் விழவில்லை.

உன்னால் சத்தம் தாங்க முடியாதே என்றுதான் பார்த்துப் பார்த்து வாங்கினோம் என்றாள் அக்கா.

மெக்கானிக் சிரிப்பதை நிறுத்தினான்.

"சத்தம் எனக்கு ஆகாதுன்னு யார் சொன்னா?"

அக்கா மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ மிக்ஸியைப் பாத்ரூம்ல வச்சு ஓட்டறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டா. துண்டு போர்த்தி வேற."

"தெரியுமா?" என்றாள் மனைவி.

"சுவருக்கு அந்தப் பக்கம்தானே படுத்திருக்கேன்."

"ஏன் சொல்லல?"

அவன் உடைந்த மோட்டார்த் துண்டுகளைச் செய்தித்தாளில் மடித்தான். "எனக்காகச் செய்யறே. வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவே."

எட்டு மாதம் அவனுக்காக அவள் சத்தத்தை ஒளித்தாள். அவளுக்காக அவன் அது கேட்காத மாதிரி நடித்தான். நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இப்படிப்பட்ட முட்டாள்தனம் இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே வரும். ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு காலமும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் உள்ளுக்குள் முழு ஆளாகத்தான் இருந்திருக்கிறான், அவளைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததே போதும் என்றிருந்தது.

அக்காவுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. தோற்ற முகத்தோடு பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மனைவி பின்னாலேயே போய் மாடிப்படித் திருப்பத்தில் பிடித்துவிட்டாள்.

அந்த வீட்டில் நன்றி என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. அது வெளி ஆட்களுக்கும் மேடைக்கும் உரியது. அவள் வேறு வழியில் சுற்றி வர வேண்டியிருந்தது.

"அண்ணி, அன்னைக்குத் தொட்டி வந்தப்போ நான் வாசல்லயே வைக்கச் சொன்னேன்."

"வாசல்ல இல்ல. கீழ குப்பைத்தொட்டி பக்கத்துல வைக்கச் சொன்னே."

"ஆமா."

"சரி. இப்ப எதுக்கு அது?"

"நீங்க உள்ள கொண்டுவந்து வச்சீங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணோரத்தில் ஏதோ மின்னியது. உடனே பையின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"கனமா இருந்துச்சும்மா. திருப்பி இறக்க ஆள் இல்ல."

சொல்லிவிட்டு இறங்கினாள். அன்று செருப்பைக் காலிலேயே போட்டிருந்தாள். படி முழுக்கச் சத்தம் கேட்டது. மனைவி அந்தச் சத்தம் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

மதியத்துக்குள் இரண்டாவது ஆஸ்கரும் மேலே வந்துவிட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீரின் தோலைக் கவ்வின. மெக்கானிக் ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தான். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். அரை மணி நேரமாக ஊற்றுகிறான். கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றினான்.

மனைவி மீன்கடைக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டித் தொட்டி மேல் வைத்தாள். கடைக்காரர் முதல் கேள்வியாக அவங்க டியூட்டிக்குப் போயிட்டாங்களா என்று கேட்டார். பிறகுதான் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். மெக்கானிக்குக் கையில் கோப்பை இருந்ததால் அந்த வரிசை அவன் கவனத்தில் படவில்லை.

ஆண்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அவர்கள் பேசியதில்லை. ஆனால் குழாய் அளவு, வளைவு, சீப்பின் பல் எத்தனை விரல் அகலம் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைக்காரரிடம் பொருத்தமாக இரண்டு இருந்தன. ஒன்று சாதாரண மோட்டார், நாலடிக்குச் சரியாக வரும், பஞ்சு அடைத்துக்கொண்டால் திணறலாம். இன்னொன்று கொஞ்சம் பெரியது, ஆனால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு திருகு உண்டு.

"அதைக் கடைசிக்குக் குறைச்சு வச்சா நாலடியில எவ்வளவு தள்ளும்?" என்று கேட்டான் மெக்கானிக்.

பெட்டியில் அது போட்டிருக்காது என்றார் கடைக்காரர். இதற்காகவே பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் குழாய் அடித்து, அடிக்கணக்கில் கோடு போட்டு வைத்திருக்கிறாராம். எந்த மோட்டாரையும் அதில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். காலையில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அவங்க விரலைக் காட்டிட்டாங்க என்றார்.

மெக்கானிக்கின் கையில் கோப்பை நின்றது.

"பார்க்காம எப்படிங்க சொல்றது?" என்றான்.

அவன் போக்கில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கடைக்காரர், அதானே, வந்து பாருங்க, அடைக்கிறவரைக்கும் இருப்பேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சுலபமாக வந்து பாருங்க என்று சொல்ல முடிந்தது. மனைவி மனத்துக்குள் அந்த மனிதருக்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தாள்.

மெக்கானிக் கோப்பையைக் கீழே வைத்தான். நீ போய் ரெண்டையும் வாங்கிட்டு வந்துடு, இங்கே மாட்டிப் பார்த்துக்கலாம் என்றான். தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் எழுந்தாள். பையை எடுத்தாள். பழக்கம். எட்டு மாதமாக அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிடுவாள். செருப்புக்குள் ஒரு காலை விட்டவள், அப்படியே நின்றாள்.

கைப்பேசி அடித்தது. அக்கா. வார்டிலிருந்து தணிந்த குரலில், மோட்டார் மாற்றியாகிவிட்டதா, யார் போகிறார்கள் என்று விசாரித்தாள். மனைவி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். முடிவு அந்த நொடியில்தான் அவளுக்கு வந்தது.

"உங்க தம்பி போறார்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுவது மட்டும் கேட்டது. பிறகு அக்கா, நிஜமாவா என்றாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் குரல் சட்டென்று மாறியது.

"அந்தக் கடைக்கா?"

"வேற எந்தக் கடைக்கு?"

"இல்ல... அங்க ஒரு டப்பா இருக்கும். அதை நான் இன்னிக்கு எடுத்துட்டு வரலாம்னு... அவன் அதைப் பார்த்தா..."

"எந்த டப்பா அண்ணி?" என்று மனைவி தெரியாத மாதிரி கேட்டாள். அக்கா யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். டப்பா அவன் மனத்தில் ஏறவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. நான் போறேன்னு எப்பச் சொன்னேன் என்று கேட்டான். விளையாடாதே, மீன் செத்துடும், நீ சீக்கிரம் போயிட்டு வா என்றான். குரல் உயரவில்லை. அது கெஞ்சலாகத்தான் இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நான் போனா அண்ணி மாதிரி காதை வச்சுத்தான் வாங்குவேன்."

"இங்க பாரு..."

"கடை எங்க இருக்குன்னு சொல்றேன். கீழ இறங்கி இடது பக்கம். பேக்கரி தாண்டி, மருந்துக்கடை தாண்டி ரெண்டாவது திருப்பம். பச்சை போர்டு. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், அங்க நீங்க எவ்வளவு நேரம் வேணா குழாயைப் பாருங்க."

அவன் வாசலைப் பார்த்தான். இதற்கு முன்பு எத்தனையோ முறை முயன்றிருக்கிறார்கள். டாக்டர் சொன்னபடி கதவை விரியத் திறந்துவைத்து, அவள் அங்கேயே நின்றுகொண்டு, நீங்க போங்க, நான் பார்த்துட்டு இருக்கேன் என்பாள். அவன் இரண்டு படி இறங்குவான். திரும்பிப் பார்ப்பான். திறந்த கதவும் அவளும் தெரியும். ஏறி வந்துவிடுவான். பரவாயில்ல, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளும் சொல்லிவிடுவாள். அந்த நாளை வரவே இல்லை.

தொட்டியில் மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

மெக்கானிக் சட்டையை மாட்டினான். பொத்தான்களை மாற்றிப் போட்டுவிட்டான். அவள் திருத்திப் போட்டுவிட்டாள். காலையில் வாங்கிய மோட்டாரைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் நிலைச்சட்டத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றான்.

"அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் கத்தினேன்" என்றான். "அப்புறம் கத்தறதை விட்டுட்டேன். யாரும் தேடலைன்னு தெரிஞ்சு போச்சு."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடமும் சொன்னதில்லை.

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அழுதால் அவன் உள்ளேயே நின்றுவிடுவான்.

"அன்னைக்கு எனக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாது. இன்னைக்குத் தெரியும். எந்தத் தெரு, எந்தக் கடை, எந்தச் சுவர் பக்கம் நிப்பீங்கன்னு கூடத் தெரியும். இருட்டறதுக்குள்ள வரலைன்னா நான் தேடி வருவேன். அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கிட்டு வருவேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். வாய் கோணி ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"மிக்ஸியை வெளிய எடுத்து வை" என்றான்.

காலைத் தூக்கி வெளியே வைத்தான். அடுத்த காலையும் வைத்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினான். முதல் படி. இரண்டாவது படி. திருப்பத்துக்கு முன்னால் நின்றான். அவன் முதுகு அசையவில்லை. தோள் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து பூட்டினாள்.